பூட்டாத பாடங்களும் செல்லத்தாயின் கையும்

போன மாதம் ஷைனி டீச்சர் தேவிகுளத்திலிருந்து போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு வேலைக்கு வந்தவள். நல்ல பெண். எதைக் கேட்டாலும் மரியாதையாகக் கேட்பாள்.

"டீச்சர், நம்ம தமிழ் மீடியம் ஸ்கூலுக்கெல்லாம் சேத்து திறந்த கல்வி வளம்னு பெரிய விழா எடுக்காக. மலர் போடுறாக. ஒங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதித் தரணும். எங்களுக்கெல்லாம் ஊக்கமா இருக்கணும் டீச்சர்."

ஊக்கம் வேண்டுமென்றால் சுக்குக்காப்பி குடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன பயன் என்று அடக்கிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அரைமணி நேரத்தில் அழைப்பிதழையும் மலரின் அட்டைப் படத்தையும் அனுப்பினாள். தலைமை விருந்தினர் சதாசிவன் அவர்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே, 'மலைப்பகுதியில் திறந்த கல்வியின் முன்னோடி'.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். முன்னோடியாம்! ஆட்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிற ஓநாயும் மந்தைக்கு முன்னால்தான் ஓடுகிறது. உடனே ஷைனியைக் கூப்பிட்டு, எழுதித் தருகிறேன், ஆனால் நான் எழுதியதை அப்படியே போட வேண்டும் என்றேன். அட்டைப் படத்தைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் உயிரியல் டீச்சர். மரகதம் டீச்சர் என்றால் மலையில் ஒரு தலைமுறைக்குத் தெரியும். பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னையும் நெல்லும் வைத்திருந்த வீட்டில். பி.எட். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்ட்டுகளுக்கு வண்ணம் அடித்தோம். அந்தச் சார்ட்டுகளைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. வேலை இடுக்கி மலையில் கிடைத்தது. பஸ் ஏற்றிவிடும்போது அப்பா, "அட்டை கடிச்சா பிச்சு எடுக்காத கண்ணு, உப்பு வெய்யி" என்றார். என் பயிற்சிக் காலம் முழுவதிலும் கிடைத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

முதல் பள்ளியில் ஓர் அலமாரி இருந்தது. உள்ளே மனித இதயத்தின் மாதிரி, கண்ணின் மாதிரி, ஒரு நுண்ணோக்கி. வெளியே பித்தளைப் பூட்டு. சாவி ஹெட்மாஸ்டரிடம். கேட்டால், "ஒடஞ்சா யாரு பொறுப்பு?" என்பார். இதயத்தின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து எண்ணுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். பிள்ளைகள் இதயத்தின் உள்ளே எத்தனை அறை என்று பார்க்காமலே பத்தாம் வகுப்பு முடித்துத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனார்கள். இதயம் பத்திரமாக இருந்தது.

இந்த அலமாரிப் புத்தி ஹெட்மாஸ்டரோடு ஓய்வு பெறும் என்று நினைத்தேன். அது பதவி உயர்வு பெற்றது.

கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையின் பாடு வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. பாடத்திட்டம் கேரளத்தினுடையது. மொழி மட்டும் தமிழ். சில வருஷம் தமிழ்ப் புத்தகம் எங்கள் கைக்கு வரும்போது முதல் பருவத்து ஓணப் பரீட்சையே நெருங்கிவிடும். புத்தகமாவது வரும், கைடு, மாதிரி வினாத்தாள், வீடியோ பாடம் எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான். இதைச் சொன்னால் படித்தவர்கள் கூட, "தமிழ்தானே, போடியில போய் வாங்கிக்கிட்டா என்ன?" என்பார்கள். தமிழ்தான். ஆனால் அந்த ஊர்ப் பாடம் வேறு, இந்த ஊர்ப் பாடம் வேறு.

ஒரு ஜீப் டிரைவர் தன் மகளுக்காகப் போடிமெட்டு இறங்கிப் போய், கனமாக ஒரு கைடு வாங்கி வந்தார். அந்தப் பெண் அட்டை கிழியும்வரை படித்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்து, "நான் படிச்சது ஒண்ணுமே வரல டீச்சர்" என்றாள். எப்படி வரும்? அவள் படித்தது பக்கத்து மாநிலத்துப் பரீட்சைக்கு. இந்தத் தப்பு எங்கள் எல்லையில் வருஷத்துக்கு ஒரு வீட்டிலாவது நடக்கும்.

இந்த எரிச்சலில்தான் நாங்கள் கூடினோம். மலையில் இருக்கிற தமிழ் வழி ஆசிரியர்களும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வழி ஆசிரியர்களும் வாட்ஸ்அப்பில் முதலில் புலம்பினோம். பிறகு பாடங்களை அனுப்பிக்கொண்டோம். பிறகு எல்லாவற்றையும் ஒரு பொதுத் தளத்தில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம் என்கிற உரிமத்தோடு போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அதைப் பேச ஒரு சனிக்கிழமை சித்தூரில் உட்கார்ந்தோம். கணக்கு எடுக்கிற வேலுச்சாமி சார் முதல் ஆளாக எழுந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், எதையும் தோப்புக் கணக்கில்தான் பார்ப்பார்.

"ஏனுங் டீச்சர், ஞாயித்துக்கெழமகூட தோப்புப் பக்கம் போகாம நாம ஒக்காந்து செஞ்சு வெப்பமாம், கண்டவன் வந்து எடுத்துட்டுப் போவானாம். இதென்னுங்க நாயம்?"

"எடுத்துட்டுப் போனா உங்ககிட்ட கொறஞ்சு போயிருமுங்களா சார்?"

"கொறையாதுங்க. ஆனா எம்பட பேரு?"

"பேரு போட்டே ஆகோணுமுங்க. அதுதான் மொத நிபந்தன. ரெண்டாவது, நம்முளத வெச்சு எவன் என்ன செஞ்சாலும் அதையும் இதே மாதிரி தொறந்து வெக்கோணும். பூட்டப்படாது."

"விக்கலாமுங்களா?"

"விக்கட்டுமுங்க. சும்மா கெடைக்கறத எவன் காசு குடுத்து வாங்குவான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பச் செரி. நம்ம கெணத்துல தண்ணி எறைக்கறவன் எத்தன கொடம் வேணும்னாலும் எறைக்கட்டும். போறப்ப கெணத்துக்கு மூடி போட்டு பூட்டிப்போட்டுப் போகப்படாது. அவ்வளவுதானுங்களே?"

அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வாத்தியாருக்குக் கால்மணி நேரம் ஆனது. ஓர் அலுவலகத்துக்குக் கடைசிவரை புரியவில்லை.

மலைப்பக்கத்திலிருந்து வந்த பாடங்களில் ஆகச் சிறந்தவை அருள்தாஸ் செய்தவை. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். அவன் எனக்குக் கீழே தினக்கூலி ஆசிரியராக இருந்தான். தினக்கூலி ஆசிரியர் என்றால் ஒவ்வொரு ஜூனிலும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அந்த வருஷம் ஆசிரியர், கூப்பிடாவிட்டால் யாரோ ஒருவர். அவனுடைய அம்மா செல்லத்தாய் கொழுந்து எடுக்கிறவர். சர்ச்சில் பாடுவார். மகன் 'சார்' ஆனதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "எங்க சார் இன்னும் சாப்பிட வரல" என்றுதான் மகனைப் பற்றியே பேசுவார்.

அருள் பாடம் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இலை நோய்க்கு எங்கோ விளைகிற ஏதோ ஒரு செடி இருக்கும். அவன் அதை விட்டுவிட்டுத் தேயிலையில் வருகிற கொப்புள நோயை எடுப்பான். பனி விலகி வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழல் விழாத வெளிச்சத்தில், பின்னால் கறுப்புக் குடைத் துணியைக் கட்டிவிட்டுப் படம் பிடிப்பான். ஒவ்வொரு பாகத்துக்கும் புத்தகத்தில் இருக்கிற தமிழ்ச் சொல், அதன் கீழே சின்னதாக மலையாளச் சொல். ஏனென்றால் மேலே படிக்கப் போனால் அதுதான் காதில் விழும். எங்கள் பக்கம் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. ரோட்டில் ஒரு வளைவில் கிடைக்கும். பிள்ளைகள் அங்கே வரிசையாகக் குந்தியிருப்பார்கள். அவர்களுக்காக அதே வீடியோவை எடை குறைத்து இன்னொன்று செய்வான். கடைசிக் காட்சியில் செய்தவர் பெயர், பிறகு உரிமம்: 'பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் இப்படியே திறந்து வைக்க வேண்டும்.'

அவன் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு கை இருக்கும். இலையை, பூச்சியை, வேரை ஏந்திப் பிடித்த கை. கொழுந்துக் கறை ஏறி ரேகையெல்லாம் கறுத்தது. கட்டைவிரல் நகம் எப்போதோ செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டுப் பிளந்து, அதிலிருந்து இரண்டாகவே வளர்ந்தது. செல்லத்தாயின் கை. அளவு தெரிய ஸ்கேல் வைத்து எடுக்கலாமே என்று கேட்டேன்.

"ஸ்கேல் வச்சா புள்ளைக ஸ்கேலத்தான் பாக்கும் டீச்சர். அம்மா கை எம்புட்டுன்னு எல்லா வீட்டுப் புள்ளைக்கும் தெரியும்ல" என்றான்.

நான் அதற்குப் பிறகு ஸ்கேல் பேச்சே எடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்களுக்கு உதவி செய்ய ஒரு திட்டம் வந்தது. கெட்ட காலம் சில சமயம் உதவி என்கிற பெயரில்தான் வரும். தமிழ் வழிப் பள்ளிகளுக்குப் பாடப்பொருள் தயாரிக்க ஒரு தற்காலிகத் திட்ட அலுவலகம். அதன் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. அதற்கு ஒருங்கிணைப்பாளராக வந்தவர்தான் சதாசிவன் சார். நாங்களெல்லாம் அவருக்குக் கீழே என்று உத்தரவு வந்தது.

சதாசிவன் சார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குரல் உயராது. எந்தத் தாளை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். படிக்க மாட்டார், பார்ப்பார். பிறகு, "நல்ல விஷயம்" என்று சொல்லித் தாளைக் குப்புறக் கவிழ்த்து மேஜை மேல் வைப்பார். கவிழ்ந்த தாள் கவிழ்ந்ததுதான். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றே: "இதுக்கு ஆர்டர் உண்டா?" அவருடைய கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும். அவர் லீவு போட்ட நாளில் அந்த அலுவலகத்துக்குக் கடிதமே வராது. என் முதல் பள்ளியின் அலமாரிக்குக் கை கால் முளைத்து, சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

அவர் செய்த முதல் காரியம் முத்திரை. திட்டத்துக்கு ஒரு குத்துவிளக்கு முத்திரை வரைய வைத்தார். எங்கள் பாடங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும், பக்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, அந்தக் குத்துவிளக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். கீழே, 'அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது.' கடைசியில் இருந்த எங்கள் உரிம வரியை எடுத்துவிட வேண்டும். பெயர்களையும் எடுத்துவிட வேண்டும், "திட்டத்துல தனி ஆள்னு யாரும் இல்லே" என்றார்.

ஏன் சார் என்று கேட்டேன்.

"டீச்சர், யார் வேணும்னாலும் நகலெடுக்கலாம்னு ஆபீஸ் பேப்பர்ல எழுதினா, ஆபீசுக்கு என்ன மதிப்பு?"

கம்ப்யூட்டர் திரையில் மங்கலாக இருந்த குத்துவிளக்கு, மூணாறு ஜெராக்ஸ் கடை மிஷினில் நுழைந்து வெளியே வந்தபோது கன்னங்கரேலென்று வந்தது. கழிவு நீக்க மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், கிட்னிக்குள்ள வெளக்கு எரியுது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வயிறு எரிந்தது. அந்தத் தாளில் சிறுநீரகத்தின் எந்தப் பாகமும் தெரியவில்லை. சதாசிவன் சாரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். "முத்திரை நல்லா விழுந்திருக்கே" என்றார். கவிழ்த்து வைத்தார்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அலுவலகத்துக்குக் குத்துவிளக்குப் பிரதியைக் கொடுத்துவிட்டு, எங்கள் தளத்தில் விளக்கில்லாத பழைய பிரதியை அப்படியே வைத்திருந்தோம். அது அருளின் வீடியோக்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் வளைவில் உட்கார்ந்து பார்த்தது அந்தப் பழையதைத்தான்.

அப்புறம் ஒரு கல்விச் செயலிக் கம்பெனி வந்தது. வெள்ளைச் சட்டை, ஆங்கிலம், கையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு மைக். மூணாறில் மேடை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், இந்த முறை நிஜ விளக்கு. சதாசிவன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திட்டத்தின் பாடங்கள் அனைத்தும் இனி அந்தச் செயலியில் மட்டுமே கிடைக்கும் என்று ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு சல்லிக்காசுகூட வாங்கவில்லை என்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். நேர்மையானவராம்! விற்றிருந்தாலாவது திருடன் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். எல்லாருக்கும் பொதுவாக இருந்ததை எடுத்து, ஒருவனுக்கு மட்டும் என்று, அதையும் சும்மா கொடுத்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

'மட்டும்' என்று கையெழுத்துப் போட அவருக்கு உரிமையே கிடையாது. அவர் கொடுத்தது நாங்கள் திறந்து வைத்த பாடங்களில் விளக்கு ஏற்றிய பிரதி. அதைப் பூட்டக் கூடாது என்பதுதான் உரிமத்தின் உயிரே. ஆனால் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னவர் அவரே அல்லவா? அது இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கம்பெனி அந்த வீடியோக்களைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் அருள் போன் செய்தான். குரலே சரியில்லை.

"டீச்சர், என் வீடியோ ஒண்ணையும் காணல. எல்லாத்தையும் எடுத்துட்டாக. திருட்டு வீடியோ போட்டேன்னு எழுதியிருக்கு டீச்சர். வளைவுல புள்ளைக ஒக்காந்துட்டு எனக்குப் போன் பண்ணுதுக."

வீடியோத் தளத்தில் இதைப் பார்ப்பது மனிதர் அல்ல, மிஷின். கம்பெனி பதிவு செய்ததும், அதே படம் வேறு எங்கே இருந்தாலும் மிஷின் பிடித்துத் தூக்கிவிட்டது. மிஷினை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்குச் சம்பளமில்லை, பொன்னாடையும் இல்லை. நான் குற்றம் சொல்வது அடுத்த வாரம் வந்த மெமோவை. நிறுவனத்துக்கு உரிமையான பாடங்களை அனுமதியின்றி வெளியிட்டதற்கு அருள்தாஸ் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் அடுத்த ஆண்டு பணிக்குப் பரிசீலிக்கப்பட மாட்டார் என்று சதாசிவன் சார் கையெழுத்தில் வந்தது.

விசாரணை தேவிகுளத்தில், திட்ட அலுவலகத்தில். அருளோடு நானும் போனேன். நாங்கள் போய் இறங்கும்போது செல்லத்தாய் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "எங்க சார திருடன்னு சொல்லிட்டாகளாம்ல டீச்சர். நான் வந்து ஒரு வார்த்த சொல்லுதேன்" என்றார். அருள் வேண்டாம் என்றான். அவர் கேட்கவில்லை.

உள்ளே சதாசிவன் சார் எங்களை உட்காரச் சொன்னார். செல்லத்தாய்க்கும் நாற்காலி போடச் சொன்னார். அந்த மரியாதையில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"கம்பெனி கம்ப்ளைன்ட் தந்திருக்கு. அவங்க வீடியோவ இவர் அப்லோட் பண்ணியிருக்கார்."

"சார், அது இவன் எடுத்த வீடியோங்க. நீங்க மேடையில வெச்சுக் குடுத்தீங்க" என்றேன்.

"நான் தந்தது திட்டத்தோட மெட்டீரியல். திட்டத்தோட முத்திரை இருக்கே."

"முத்திரைய நீங்கதான போட்டீங்க?"

"அதேதான் டீச்சர் நானும் சொல்றேன்."

உரிமத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார், பார்த்தார், "நல்ல விஷயம்" என்று கவிழ்த்தார். "இது உங்க குரூப்புக்குள்ளே நீங்க எழுதிக்கிட்டது. இதுக்கு ஆர்டர் உண்டா?"

செல்லத்தாய் எழுந்தார். அருளின் போனை வாங்கி, கொப்புள நோய்ப் பாடத்தின் படத்தைத் திறந்து, மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் தன் வலது கையை விரித்து வைத்தார். படத்தில் இருக்கிற கை. மேஜையில் இருக்கிற கை.

"அய்யா, இது எங் கைதான். எம் மவன் என்னைய விடியக்காலம் குளிருல நிக்க வச்சு எடுத்த படம். அவன் ஆருகிட்டயும் திருடல."

சதாசிவன் சார் பார்த்தார். "அம்மா, தோட்டத்துல எல்லார் கையும் இப்படித்தானே இருக்கும்" என்றார்.

"எல்லார் கையும் கறுப்புத்தான் அய்யா. நகம் ரெண்டாப் பொளந்தது எனக்கு மட்டுந்தான். நல்லாப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தையும் பார்த்தார், விரலையும் பார்த்தார். ஒரு நிமிஷம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அந்தப் போனை மெதுவாக எடுத்து, குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கை உங்களோடதா இருக்கலாம். படம் திட்டத்தோடது."

செல்லத்தாய் கையை மேஜையிலிருந்து எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கையை அவர் அப்படி மறைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல இருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே வேலுச்சாமி சாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அருளு பாடமெல்லாம் எம்பட பென் டிரைவுல பத்திரமா இருக்குதுங்க. உரிமத்தோட, பேரோட, வெளக்கு இல்லாம. இங்கெல்லாத்துகிட்டயும் இருக்குது. ஆளுக்கொரு எடத்துல போட்டு வுட்டர்லாமுங்களா?"

"மெமோ வருமுங்க சார்."

"எத்தன பேருக்குங்க குடுப்பாரு? பேப்பரு தீந்து போயிருமுங்க."

அந்த வாரம் சித்தூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மறையூரிலிருந்தும் அருளின் பாடங்கள் ஏறின. ஒவ்வொன்றின் முதல் வரியிலும் அருள்தாஸ் என்று பெயர். மிஷின் ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று ஏறியது. சிலர் மிஷினுக்கே மறுப்பு எழுதி, நாங்கள் முன்பே வெளியிட்டதைக் காட்டி, தூக்கியதைத் திரும்ப வாங்கினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் விளக்கில்லாத பிரதியை அடித்துக் கொடுத்தார். சர்ச் ஹாலில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டினார்கள். பூட்டிய சாமானை ஒருவன் தூக்கிப்போனால் போனதுதான். எல்லார் வீட்டிலும் இருப்பதை எவன் தூக்க முடியும்? அந்த வருஷம் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பாடத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

ஜூன் வந்தது. அருளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். "அவருக்குத் திறமை இருக்கு டீச்சர். ஒழுங்கு போதாது" என்றார் சதாசிவன் சார், குரல் உயராமல். நான் வெளியே வந்து அழுதேன். துக்கத்தில் அழுகிற ஆள் இல்லை நான்; ஆத்திரத்தில்தான் எனக்குக் கண்ணீர் வரும்.

அந்தச் செயலி இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போனபோது, அதில் மட்டுமே இருக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட பாடங்களும் அதோடு போயின. எங்களுடையவை இருக்கின்றன. சதாசிவன் சார் அதன் பிறகு இரண்டு படி மேலே போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். இப்போது முன்னோடி.

அருள் மாட்டுப்பட்டி அணைக்கட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்கிறான். தேயிலைச் செடி பக்கத்தில் நின்று, கூடையை இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களைப் பிடித்து, உடனே அச்சடித்துத் தருகிறான். கூட்டமில்லாத நாளில் இன்னும் பாடம் செய்து தளத்தில் ஏற்றுகிறான். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி தருவதில்லை. ஏன்டா என்று கேட்டால், "புத்தகம் மாறிருச்சுல்ல டீச்சர், பழசு ஒதவாது" என்கிறான். செல்லத்தாய்க்குத் தோட்டத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மகனை இன்னும் 'எங்க சார்' என்றுதான் சொல்கிறார்.

இனி அட்டைப் படம். கட்டுரையை எழுதி முடித்துவிட்டு ஷைனியைக் கூப்பிட்டேன்.

"மலர் அட்டையில ஒரு கை தேயிலக் கொழுந்தப் பிடிச்சிட்டு இருக்கே, அந்தப் படம் எங்க கிடைச்சுது?"

"கமிட்டில குடுத்தாக டீச்சர். பழைய திட்டத்துப் படமாம். பேரு ஒண்ணும் இல்லையே. வெளக்கு முத்திர மட்டுந்தான் இருக்கு."

"கட்டைவிரல் நகத்தப் பெரிசு பண்ணிப் பாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படத்தைத் திறந்தாள்.

"ரெண்டா இருக்கு டீச்சர்."

அந்தப் படத்தின் கீழே, 'அனுமதியின்றி மறுபதிப்பு செய்யக் கூடாது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். திறந்த கல்வி விழா மலரில்!

ஆகவே மலர்க் குழுவினருக்கு. இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். இதை யாரும் நகலெடுக்கலாம், அச்சடிக்கலாம், மேடையில் வாசிக்கலாம். தலைமை விருந்தினரே வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே நிபந்தனை. அட்டையில் அந்த விளக்கை அணைத்துவிட்டு, படத்தின் கீழே இரண்டு வரி போட வேண்டும்: 'கை: செல்லத்தாய். படம்: அருள்தாஸ்.'

இதற்கு ஆர்டர் உண்டா என்று யாராவது கேட்டு, இந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாலும் கவலையில்லை. இன்று காலையே இதைத் தளத்தில் ஏற்றிவிட்டேன். வேலுச்சாமி சார் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.